அப்பத்தாவின் கைமருந்தை எழுதி வைக்கிறேன்: "கொட்டைப்பாக்களவு" என்றால் எத்தனை கிராம்?

சிவகங்கைச்சீமை · ஞாயிறு, காலை 7:10

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தா போன தை மாசம் தவறிட்டாங்க. காளையார்கோவில் பக்கம் ஊரு. சுத்துப்பட்டுல யாருக்குக் காமாலைன்னாலும், பிள்ளைக்கு மாந்தம்னாலும், விடியுறதுக்குள்ள எங்க வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்திருப்பாங்க. அப்பத்தா காசு வாங்குனதில்ல. வெத்தலை பாக்கு, இல்லைன்னா ஒரு படி நெல்லு, அதுவும் குணமான பெறகுதான்.

முப்பது கும்பிட்ட மறுநாள் ஒரு நோட்டு வாங்கி எனக்கு ஞாபகம் இருக்கிற மருந்தையெல்லாம் எழுத ஆரம்பிச்சேன். பதினோரு மருந்து வந்திருக்கு. பாதி கூட இல்ல.

சிக்கல் என்னன்னா அளவு. அப்பத்தா வாயில கிராம்ங்கிற சொல்லே வந்ததில்ல. கொட்டைப்பாக்களவு, சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு, வெருகடி, ஒரு கைப்பிடி. காமாலைக்குக் கீழாநெல்லியை வேரோட பிடுங்கி, மண்ணுப் போக மூணு தண்ணியில அலசி, அம்மியில மையா அரைச்சு, கொட்டைப்பாக்களவு எடுத்து மோருல கரைச்சு வெறும் வயித்துல கொடுப்பாங்க. மூணு நாள். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. தாளிக்கிற வாசம் கூட அந்தத் திண்ணைப் பக்கம் வரக்கூடாதுன்னு அம்மாவை அடுப்படிக் கதவைச் சாத்தச் சொல்லுவாங்க.

இதை எப்படி எழுதினா என் மகளுக்கு உதவும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூட இருந்து மருந்து அரைச்சுக் கொடுத்தவங்கள்ல இப்ப எங்க அத்தை ஒருத்தங்கதான் மிச்சம்.

---

பாளை வைத்தியர் · ஞாயிறு, காலை 10:25

அம்மா, நல்ல வேலையில் கை வைத்திருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். 1964ல் தொடங்கிய கல்லூரி. அங்கே எங்களுக்கு முதலில் நெட்டுருப் போட வைத்ததே அளவைதான். குன்றிமணி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், பலம் 35 கிராம். நீர்ச்சரக்கில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி.

ஆனால் இவை கடைச்சரக்குக்கு. சுக்கு, மிளகு, கடுக்காய் போன்ற உலர்ந்தவற்றைத் தராசில் நிறுக்கலாம். பச்சிலைக்கு அது ஒத்துவராது. ஐப்பசியில் பிடுங்கிய கீழாநெல்லியில் தண்ணீர் கூடுதல், பங்குனியில் குறைவு. இலையை நிறுத்தால் எடை ஏமாற்றும். அதனால்தான் அரைத்த விழுதை உருண்டை பிடித்து, கண்ணுக்குப் பழகிய ஒரு காயோடு ஒப்பிட்டார்கள். உங்கள் அப்பத்தா விவரமாகத்தான் அளந்திருக்கிறார்.

திரிகடி என்றால் மூன்று விரல் நுனியில் எடுப்பது. வெருகடி என்றால் ஐந்து விரல் நுனியையும் குவித்து அள்ளுவது. வெருகு என்பது பூனை; பூனை அடி வைத்த அளவு. எத்தனை அழகான சொல் பாருங்கள்.

கொட்டைப்பாக்களவுக்கு நான் இங்கிருந்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அது என் கை அளவாகிவிடும், உங்கள் அப்பத்தாவுடையது ஆகாது. அத்தையை உட்கார வையுங்கள். அரைத்துக் கொடுத்து, ஐந்து முறை உருட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் நிறுங்கள். ஐந்தையும் எழுதுங்கள், சராசரி போட்டு ஒன்றாக்க வேண்டாம். எந்த மாதம், எந்த மண்ணில் பிடுங்கியது, பச்சையா காய்ந்ததா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

---

மூலனூர் தோட்டம் · ஞாயிறு, மதியம் 2:50

ஏனுங்க, வைத்தியர் அளவைச் சொன்னாரு. நான் செடியைப் பத்தி ஒண்ணு சொல்லிப்போடறனுங்க.

நாங்க கண்வலிக்கிழங்கு போடறவிய. செங்காந்தள்னு சொன்னா எல்லாத்துக்கும் தெரியும், நம்ம மாநிலப் பூ. கலப்பைக் கிழங்குன்னும் சொல்லுவாங்க, கிழங்கு கலப்பையாட்டம் வளைஞ்சிருக்கும். பூ விரியற காலத்துல விடியால எந்திரிச்சு ஒவ்வொரு பூவுக்கும் கையாலயே மகரந்தம் தொடோணும். விதைக்குத்தான் வெலை. அதுல இருக்கற கோல்ச்சிசினைப் பிரிச்சு வெளிநாட்டுல மூட்டுவாத மருந்துக்கு எடுக்கறாங்க. அதே சத்துதானுங்க ஆளையும் கொல்லும். கிழங்கு சக்கரைவள்ளியாட்டம் இருக்குதுன்னு அவிச்சுத் தின்னு செத்தவிய இருக்கறாங்க. அறுக்கறப்ப நாங்க பச்சக் கொழந்தையைக் காட்டுக்குள்ளயே உடறதில்லீங்க.

எங்க அமுச்சி பிரசவம் பாத்தவிய. நஞ்சுக்கொடி உழுகறதுக்குத் தாமசமானா இந்தக் கிழங்கை அரைச்சுத் தொப்புளைச் சுத்திப் பூசுவாங்களாமா. உழுந்த ஒடனே சுடுதண்ணி ஊத்திக் கழுவிப்போடோணும். உள்ளுக்குக் குன்றிமணி அளவுகூடக் குடுத்ததில்லை. இப்ப ஒருத்தன் எழுதறப்ப "கண்வலிக்கிழங்கு பிரசவத்துக்கு நல்லது"ன்னு ஒத்தை வரியில எழுதிப்போட்டான்னா என்னாகறது? பூசறதா திங்கறதான்னு இல்லாத மருந்துக் குறிப்பு வெசம்ங்க.

அதனால நீங்க செடிக்கு அடையாளம் எழுதுங்க. கீழாநெல்லின்னா இலைக் காம்புக்கு அடியில வரிசையாக் காய் தொங்கும், பொழுது உழுந்தா இலை மூடிக்கும். அதே சாயல்ல வேற ரெண்டு மூணு செடி அதே வரப்புல மொளைக்கும். ஒரு கொப்பைக் காய வெச்சு நோட்டுலயே ஒட்டிப்போடுங்க.

---

செவிலி_திருச்சி · ஞாயிறு, இரவு 9:35

இருபத்திரண்டு வருஷமா வார்டுல இருக்கேன். மனசுல இருக்கிறதை எழுதறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

என் சித்தப்பாவுக்குக் காமாலை வந்துச்சு. ஒரு ஊர்ல பச்சிலை கொடுக்கிறாங்கன்னு கூட்டிப் போனாங்க. மூணு நாள் கொடுத்தாங்க, கேக்கலை. இன்னும் மூணு நாள். அப்படியே மூணு வாரம். எனக்குச் சொன்னதே கடைசியிலதான். பாத்தா உடம்பெல்லாம் சொறிஞ்சு ரத்தக்கோடு, மலம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பித்தப்பைக் கல்லு நழுவி பித்தக்குழாயை அடைச்சிருந்துச்சு. ஈரல்ல கோளாறே இல்ல. சேர்க்கிறப்பவே சீழ் ரத்தத்துல கலந்திருச்சு. பதினேழாம் நாள் போயிட்டாரு. முதல் வாரத்துல வந்திருந்தா குழாய் விட்டுக் கல்லை எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

எனக்குக் கீழாநெல்லி மேல கோபம் இல்லை. காமாலைங்கிறது ஒரே நோய் இல்லைங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. அழுக்குத் தண்ணியால வர்ற ஹெபடைடிஸ் ஏ வகை பெரும்பாலும் சில வாரத்துல தானா இறங்கிடும், அந்த நேரத்துல எதைக் கொடுத்தாலும் அதுக்குப் பேரு கிடைக்கும். அடைப்புக் காமாலை தானா இறங்காது. மாசமா இருக்கிற பொண்ணுக்கு ஈ வகை வந்தா உயிருக்கே ஆபத்து.

அப்புறம் பிள்ளை வைத்தியம் எழுதினா ரெண்டு விஷயம். குளிப்பாட்டிட்டு மூக்குல எண்ணெய் விடறது வேண்டாம்; அது நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆகி வந்த பிள்ளைகளை என் கையால தூக்கியிருக்கேன். ஒரு வயசு முடியற வரைக்கும் தேன்ல குழைச்சு எதுவும் நாக்குல தடவ வேண்டாம்.

உங்க அப்பத்தா எதுக்கு மருந்து கொடுத்தாங்கன்னு எழுதறீங்க. எதுக்குக் கொடுக்க மாட்டேன்னாங்க? அதையும் ஞாபகப்படுத்திப் பாருங்க.

---

கருவூர்ப் பெரியவர் · திங்கள், காலை 6:20

எனக்கு எழுபத்து நான்கு வயது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எலும்புமுறிவுக்குக் கட்டுப் போடுகிறோம். உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மருந்தை வெளியே சொன்னால் பலிக்காது என்று பெரியவர்கள் சொன்னது பேராசையால் அல்ல. கை பழகாதவன் செய்து கெடுத்துவிடுவான் என்ற பயத்தால். என் தகப்பனார் எனக்குச் சொல்லித்தருவதற்கு முன் ஐந்து வருடம் மூலிகை பிடுங்க மட்டுமே விட்டார். இன்று அரை நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டுக் கஷாயம் காய்ச்சுகிறார்கள். எழுதி ஊருக்கே காட்டினால் உங்கள் அப்பத்தா பெயரில் யாரோ ஒருவன் புட்டியில் அடைத்து விற்பான். நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

செவிலி அம்மா சொன்னது கேட்டு மனம் கனத்தது. மூன்று நாளில் கேட்காத மருந்தை நாலாம் நாள் கொடுப்பவன் வைத்தியனே அல்ல. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதா?

---

மருந்தியல் ஆசிரியர் · திங்கள், மாலை 5:45

பெரியவரின் பயம் நியாயமானது. ஆனால் எழுதாமல் வைப்பது திருட்டைத் தடுக்காது, எழுத்துதான் தடுத்திருக்கிறது. 1995ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கே காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மறு ஆய்வு கேட்டு 1997ல் அதை ரத்துச் செய்ய வைத்தது. எப்படி வென்றது? பழைய நூல்களையும், 1953ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையையும் நீட்டி, "இது எங்களிடம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது" என்று காட்டித்தான். இந்தியாவில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள் என்பது அங்கே சாட்சியாக எடுபடாது. அதன் பிறகுதான் 2001ல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினார்கள். அதில் சித்த மருத்துவ நூல்களும் சேர்ந்திருக்கின்றன. ஓலையிலும் அச்சிலும் ஏறியது அங்கே போய்ச் சேரும். அப்பத்தாவின் அம்மியில் இருந்தது சேராது.

கீழாநெல்லிக்கே ஒரு கதை உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார். 1988ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பி வைரஸை நாள்பட உடலில் சுமப்பவர்களுக்கு முப்பது நாள் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை. வேறு இடங்களிலும் அது நிலைக்கவில்லை. செடி வளர்ந்த மண்ணா, பறித்த பருவமா, பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேறு இனமா என்றெல்லாம் விவாதித்தார்கள். இன்றைக்கு நான் மாணவர்களிடம் சொல்வது: பி வகைக்கு இதை நம்பி மருத்துவமனை மருந்தை விடக்கூடாது.

மாதத்தையும் மண்ணையும் எழுதச் சொன்ன பாளை வைத்தியரின் யோசனை எத்தனை பெரியது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துச் சளிக்குக் கொடுத்தார்கள். "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்றார்கள். அந்த இலையில் உள்ள வாசிசினை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் உருவானது. இன்று இருமல் மருந்துப் புட்டிகளில் அந்தப் பெயரை நீங்களே பார்க்கலாம்.

---

வடமராட்சி · செவ்வாய், அதிகாலை 3:15

நான் இப்ப கனடாவில. வாசிச்சுக்கொண்டு வர அழுகை வந்திட்டுது, அதான் எழுதுறன்.

எங்கட அம்மம்மான்ர தகப்பன் நாட்டு வைத்தியம் பாத்த பரியாரியார். அவரிட்ட ஓலை வாகடம், மருந்து எழுதின ஏடு, இருந்ததாம், துணியில சுத்தி சுவாமியறையில வைச்சிருந்தவையாம். 1995 இடப்பெயர்வில அம்மம்மா யாழ்ப்பாணத்தில மகளோட இருந்தவ. ஒரே இரவில எல்லாரும் வெளிக்கிட்டம். பிள்ளையளைத் தூக்கிறதா, ஓலையைத் தூக்கிறதா? திரும்பிப் போகேக்க வீட்டுக்குக் கூரையும் இல்லை, வாகடமும் இல்லை.

மிஞ்சினது அம்மம்மான்ர கையில இருந்ததுதான். பிள்ளை பெத்தவைக்குச் சரக்கு அரைச்சுக் கறி வைப்பா: கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி. தடிமனுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்ச தண்ணி. நீங்கள் சுக்கு எண்டுறதைத்தான் நாங்கள் வேர்க்கொம்பு எண்டுறது. என்ர மகள் தமிழ்நாட்டுக் கடையில போய் வேர்க்கொம்பு கேட்டு வெறுங்கையோட வந்தவள். அதால அக்கா, நீங்கள் எழுதேக்க உங்கட ஊர்ப் பேரை அப்பிடியே எழுதுங்கோ, அதோட மற்ற ஊர்ப் பேரையும் பக்கத்தில போடுங்கோ. பேர் மாறினா மருந்து மாறிப்போகும்.

பெரியவர் ஐயாவுக்கும் ஒண்டு. ஒளிச்சு வைச்ச ஓலை எங்களைக் காப்பாத்தேல்லை. அயலட்டைப் பெண்டுகளுக்குச் சொல்லிக்குடுத்த சரக்குத்தான் இண்டைக்கும் கனடாவில பிள்ளைப்பெறு வீடுகளில மணக்குது.

---

கருவூர்ப் பெரியவர் · செவ்வாய், காலை 6:05

மகளே, படித்தேன். எங்கள் கட்டு வைத்தியத்தைப் பேரனிடம் சொல்லி எழுத வைக்கிறேன். எந்த முறிவுக்குக் கட்டுப் போடக்கூடாது என்பதில் இருந்து தொடங்குகிறேன். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் நாங்கள் தொட்டதே இல்லை.

---

சிவகங்கைச்சீமை · செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செவிலியக்கா, உங்க சித்தப்பாவுக்கு நடந்ததைப் படிச்சதுல இருந்து ஒரு காட்சி கண்ணுக்குள்ளயே நிக்குது.

எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு. பக்கத்தூர்க்காரரு ஒருத்தரு மஞ்சக் கண்ணோட வந்து திண்ணையில உக்காந்தாரு. அப்பத்தா கண்ணை இழுத்துப் பாத்தாங்க, நாக்கை நீட்டச் சொன்னாங்க. அப்புறம் அவரு பொண்டாட்டியைத் தனியாக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போயி எதையோ கேட்டாங்க. திரும்பி வந்து, "ஆத்தா, இது என் கைக்கு அடங்காது. இன்னைக்கே சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ"ன்னு சொல்லி, அரைச்சு வச்சிருந்த மருந்தை எடுத்து வாழை மூட்டுல கொட்டிட்டாங்க. அவங்க பஸ்சுக்குக் காசில்லைன்னதும் சுருக்குப்பையை அவுத்துக் கொடுத்தாங்க.

கொல்லைப்பக்கம் என்ன கேட்டாங்கன்னு இத்தனை வருஷமா நான் யோசிச்சதே இல்ல. வெளிய போறது என்ன நிறம்னுதான் கேட்டிருக்கணும். என் நோட்டுல பதினோரு மருந்து இருக்கு, இது இல்ல. சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போறேன்.

---

பாளை வைத்தியர் · புதன், காலை 8:15

எங்களுக்கு இதை அசாத்தியம் என்று பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தீரும் நோய், தீராத நோய் என்று பிரித்த பிறகுதான் மருந்துப் பையை அவிழ்க்க வேண்டும். உங்கள் அப்பத்தா எந்தக் கல்லூரிக்கும் போகாமல் அதைச் செய்திருக்கிறார். போகும்போது எலெக்ட்ரானிக் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

---

சிவகங்கைச்சீமை · ஞாயிறு, இரவு 8:30

போயிட்டு வந்துட்டேன். நகைப்பட்டறை வச்சிருக்கிற பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட தராசு இரவல் வாங்கிட்டுப் போனேன்.

அத்தை அம்மி முன்னாடி உக்காந்ததும் பேச்சே மாறிப்போச்சு. கொட்டைப்பாக்களவு அஞ்சு தடவை உருட்டுனாங்க: 6.8, 7.4, 6.5, 7.1, 8 கிராம். கடைசி உருண்டையைக் கையில வச்சுப் பாத்துட்டு, "இது கூடுது"ன்னு அவங்களே ஒரு கிள்ளு எடுத்து அம்மியில வச்சாங்க. திரும்ப நிறுத்தா 7.2. தராசை அவங்க ஏறெடுத்தும் பாக்கல. பத்து வயசுப் பிள்ளைன்னா சுண்டைக்காயளவுதான், அது 1.1ல இருந்து 1.4 வரைக்கும் வந்துச்சு. சுக்குப்பொடி வெருகடிக்கு அத்தை கை 1.7, என் கை 1.2. கண்மாய்க் கரையில பிடுங்குனது, மழை பேஞ்சு நாலாம் நாள், எல்லாத்தையும் எழுதிட்டேன். மூலனூர் அண்ணன் சொன்ன மாதிரி காயோட ஒரு கொப்பைப் பழைய பேப்பருக்கு நடுவுல வச்சு அரிசி மூட்டைக்கு அடியில போட்டிருக்கேன். வடமராட்சி அக்கா, பேருக்குன்னு தனியா ஒரு கட்டம் போட்டாச்சு.

அப்புறம் கேட்டேன், "அப்பத்தா யாருக்கெல்லாம் மாட்டேன்னு சொல்லுவாங்க?" அத்தை யோசிக்கவே இல்ல, விரல் விட்டுச் சொன்னாங்க. வெளிக்கு வெள்ளையாப் போனா. வயித்து வலி பொறுக்க முடியாம சுருண்டா. காமாலையோட பேச்சுக் குழறுனா, பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சா. மாசமா இருந்தா. குடிக்கிறவருன்னா மருந்து கிடையாது. கைப்பிள்ளை பால் குடிக்காம உச்சிக்குழி உள்வாங்கியிருந்தா உரை மருந்துக் கல்லை எடுக்கவே மாட்டாங்களாம், "தூக்கிக்கிட்டு ஓடு"ம்பாங்களாம். பாம்புக்கடிக்கு ஒருக்காலும் கை வச்சதில்ல. மூக்குல எண்ணெய் விடறதை மட்டும் அப்பத்தா செஞ்சாங்க, எங்க எல்லாருக்கும் விட்டிருக்காங்க. அதை மறைக்காம எழுதி, பக்கத்துலயே செவிலியக்கா சொன்னதையும் எழுதி, இனி வேண்டாம்னு போட்டுட்டேன்.

எழுதி முடிச்சதும் அத்தை "வாசி"ன்னாங்க. வாசிச்சேன். காமாலை மருந்துக்கு "மூன்று நாள் கொடுக்கவும்"னு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"அப்படி முடிக்காத. மூணாம் நாள் சாயங்காலம் ஆளுக்குப் பசி எடுத்துச்சான்னு கேக்கணும். எடுக்கலைன்னா நாலாம் நாள் காலையில வண்டி ஏத்திவிடணும். ஆத்தா மூணாம் நாள் சாயந்தரம் அவங்க வீட்டுக்கே நடந்து போயிக் கேட்டுட்டு வரும். அதை எழுது."

எழுதிட்டேன். அடுத்த வாரம் அத்தை மகன் வீட்டுக்குத் திருப்பூர் போறாங்களாம். மாந்த மருந்தும், பிள்ளை பெத்தவங்களுக்குக் கொடுக்கிற லேகியமும் இன்னும் பாக்கி இருக்கு. நோட்டை எடுத்துக்கிட்டு நானும் கூடப் போறேன்.